மழைக்கு நடுவே பியூ சீலன்ட் அடிக்கலாமா? (எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், வெளிச்சுவர்)

பிளாட்_செயலாளர்:
சென்னையில் இரண்டு பிளாக், ஒவ்வொன்றும் சுமார் 45 மீட்டர் நீளம். நடுவே 25 மி.மீ. எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெப்பத்தில் கட்டிடம் நீளவும் சுருங்கவும் விடும் இடைவெளி). கிழக்கிலும் மேற்கிலும் தலா 18 மீட்டர் உயரம், மொத்தம் 36 மீட்டர். கட்டும்போதே உள்ளே தெர்மாகோல் வைத்து மேலே சிமென்ட் பூசிவிட்டார்கள். பூச்சு வெடித்து, மழை பெய்தால் படுக்கையறைச் சுவர் ஊறுகிறது. கான்ட்ராக்டர் கொட்டேஷனில் ஒன்-பார்ட் பியூ சீலன்ட் (எதுவும் கலக்காமல் அடிக்கும் பாலியூரித்தேன் அடைப்பு, இறுகினால் ரப்பர் மாதிரி) 9 சாசேஜ் (குழல் பை, ஒவ்வொன்றும் 600 மி.லி.) எழுதியிருக்கிறார். "காத்துல இருக்குற ஈரத்துலதான் சார் இறுகும், அக்டோபர்லயே அடிச்சிடலாம்" என்கிறார். வேறு ஒருவர் சிலிக்கான் போடச் சொல்கிறார். எது சரி?

கன்_பிடிப்பவன்:
கான்ட்ராக்டர் சொல்றதுல தப்பில்லை. ஈரப்பதம் கூடினா பியூ சீக்கிரம் இறுகும். மழை விட்டு ரெண்டு மூணு நாள் வெயில் கிடைச்சா போதும், பிரஷ் போட்டுத் தூசி தட்டி, பிரைமர் (சீலன்ட் பிடிக்கறதுக்காக முதல்ல பூசுறது) அடிச்சு ஏத்திடலாம். மார்கழி வரைக்கும் காத்திருந்தா சுவர் இன்னும் ஊறும், அவ்வளவுதான் லாபம்.

கலவை35:
இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறார்கள். சீலன்டுக்கு ஈரம் காற்றிலிருந்து வர வேண்டும், கான்கிரீட்டிலிருந்து வரக் கூடாது. பியூவில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் தண்ணீரைச் சந்தித்தால் முதலில் கார்பன் டை ஆக்சைடு வெளிவரும், அதன் பிறகுதான் சங்கிலி இணைந்து ரப்பராகும். காற்றின் ஈரம் மேல்தோல் வழியாக மெதுவாக இறங்கும்போது வாயுவும் மெதுவாக வெளியேறிவிடும். கான்கிரீட் ஊறியிருந்தால் ஒட்டும் முகத்திலேயே வாயு கிளம்பும், வெளியேற வழி இருக்காது. அப்படி அடித்ததை ஆறு மாதம் கழித்து அறுத்துப் பாருங்கள்: நடுப்பகுதி கெட்டியாக இருக்கும், கான்கிரீட்டைத் தொடும் ஓரம் மட்டும் ஆப்பம் மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்கும். இழுத்தால் அந்த வரியில்தான் பிரியும்.

போதாததற்கு, துளைகளில் தண்ணீர் நிற்கும்போது பிரைமர் உள்ளே இறங்காது. பெரும்பாலான பிரைமர்களின் தயாரிப்பாளர் தாளில் கான்கிரீட் ஈரம் 4 சதவீதத்துக்குள் என்று போட்டிருக்கும். மீட்டர் இல்லை என்றால் 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை ஜாயின்ட் பக்கத்துச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். அடியில் வியர்த்திருந்தால் வேலையைத் தொடாதீர்கள். மேல்தோல் வெள்ளையாகக் காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது.

கன்_பிடிப்பவன்:
தாளில் போட்டிருக்கிறபடியே சைட்ல எல்லாம் நடந்தா நல்லாத்தான் இருக்கும். சரி, அக்டோபருக்கு ஒரு நியாயம் இருக்கு, அதுக்குப் பதில் சொல்லுங்க. கான்கிரீட் ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.01 மி.மீ. நீளும். இரண்டு பிளாக்கிலயும் பாதிப் பாதி இந்த ஜாயின்ட் பக்கம் நகருது, அதாவது 45 மீட்டர் கணக்கு. வருஷத்துல 20 டிகிரி வித்தியாசம்னா 9 மி.மீ. நடு வெப்பத்துல அடிச்சா ஒவ்வொரு பக்கமும் 4.5, அதாவது 25-ல 18 சதவீதம். நல்ல பியூ ±25 சதவீத அசைவைத் தாங்கும். ஜனவரி அதிகாலையில அடிச்சீங்கன்னா ஜாயின்ட் முழுசா விரிஞ்சிருக்கும், மே மாசம் 9 மி.மீ.யும் நசுங்கும். 36 சதவீதம். பிதுங்கி வெளிய வரும். அக்டோபர் வெப்பம்தான் வருஷத்தோட நடு.

கலவை35:
கணக்கு சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மார்ச்சும் கிட்டத்தட்ட அதே வெப்பம்தான், மழையும் இல்லை. அப்போது செய்யுங்கள். இன்னொன்று, தெர்மாகோலைத் தோண்டும்போது ஓரப் பூச்சு எப்படியும் உடையும். வெறும் பூச்சின் மேல் சீலன்ட் பிடித்தால் பூச்சோடு சேர்ந்து கழன்று வரும். உதிர்வதைத் தட்டி எடுத்துவிட்டு பாலிமர் கலவையால் ஓரம் கட்ட வேண்டும். அந்தப் புதுக் கலவைக்கே 28 நாள் தேவை. அக்டோபரில் ஆரம்பித்தாலும் சீலன்ட் நவம்பர் நடுவில்தான் வரும், நல்ல மழையில்.

கன்_பிடிப்பவன்:
எபாக்சி மார்ட்டர்ல ஓரம் கட்டினா அவ்வளவு நாள் ஆகாது. செலவு கூடும், அது வேற. சரி, மார்ச்னே வெச்சுக்கலாம். அதுவரைக்கும் தண்ணி?

கலவை35:
தண்ணீர் பாராபெட் (மாடிக் கைப்பிடிச் சுவர்) தலையிலிருந்தும் இறங்கும். ஜாயின்ட்டுக்கு மேல் ஜிஐ தகடு மடித்து மூடுங்கள். திருகு ஒரு பிளாக்கில் மட்டும். இரண்டு பக்கமும் முடுக்கினால் கட்டிடம் நகரும்போது தகடு கிழியும் அல்லது திருகு பிடுங்கும்.

பிளாட்_செயலாளர்:
நன்றி. 9 சாசேஜ் போதுமா?

கன்_பிடிப்பவன்:
போதாது! அகலத்துல பாதி ஆழம். 25-க்கு 12 மி.மீ. 600-ஐ 25×12-ஆல வகுத்தா ஒரு சாசேஜ் 2 மீட்டர். 36 மீட்டருக்கு 18, கழிவோட 20. ஒன்பதுல முடிக்கணும்னா 6 மி.மீ. தோல்தான் போடணும். விலையைக் குறைச்சது அங்கதான். பேக்கர் ராட் (சீலன்டுக்குப் பின்னால திணிக்கிற நுரைக் கயிறு) என்ன சைஸ் எழுதியிருக்கார்?

பிளாட்_செயலாளர்:
பேக்கர் ராட் என்றே எதுவும் இல்லை. "பழைய தெர்மாகோல் மேலேயே" என்கிறார்.

கலவை35:
அப்படியானால் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புங்கள். சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். பின்னாலும் ஒட்டிக்கொண்டால் ரப்பர் விரிய இடமில்லாமல் நடுவில் கிழியும். தெர்மாகோலை 50 மி.மீ. ஆழத்துக்கு எடுத்துவிட்டு 32 மி.மீ. குளோஸ்டு-செல் பாலிஎத்திலீன் ராட் திணிக்க வேண்டும். ஜாயின்ட்டை விடக் கால் பங்கு பெரிதாக இருந்தால்தான் நழுவாது. ஸ்குரூடிரைவரால் குத்தித் தள்ளவே கூடாது. ராடில் ஓட்டை விழுந்தால் வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து, இறுகாத சீலன்டில் கொப்புளம் கிளம்பும். ஒரு மரக்கட்டையில் 12 மி.மீ. படி வெட்டி, அது சுவரில் முட்டும் வரை தள்ளினால் ஆழம் எங்கும் ஒன்றாக வரும்.

மேற்குவெயில்:
பியூதான் என்று இருவருமே முடிவு கட்டிவிட்டீர்கள். மேற்குச் சுவரில் சாதாரண பியூ சில வருடத்தில் மாவு பூத்து, மேல்தோலில் மயிர் வெடிப்பு விடும். நியூட்ரல் க்யூர் (இறுகும்போது அமிலம் விடாத) சிலிக்கானுக்கு வெயில் ஒரு பொருட்டே இல்லை. ±50 சதவீதம் தாங்கும் லோ-மாடுலஸ் (எளிதில் இழுபடும்) வகையும் கிடைக்கிறது. வினிகர் வாடை அடிக்கும் அசிட்டிக் வகையை மட்டும் சிமென்ட்டில் போடாதீர்கள், அதன் அமிலம் காரத்தோடு சண்டை போட்டு ஒட்டுதலைக் கெடுக்கும்.

கன்_பிடிப்பவன்:
சிலிக்கான் மேல பெயின்ட் நிக்காதே. அதோட எண்ணெய் ஓரச் சுவர்ல இறங்கி அழுக்குப் பட்டை விழும். நாளைக்கு மாத்தணும்னா கிரைண்டர் வெச்சுக் கான்கிரீட்டையே சீவணும், சிலிக்கான் படிஞ்ச இடத்துல பியூ ஒட்டாது.

மேற்குவெயில்:
பியூ மேல் அடிக்கும் பெயின்ட் மட்டும் நிற்குமா? சீலன்ட் 4 மி.மீ. விரியும்போது பெயின்ட் விரியாது, கோடு கோடாக வெடிக்கும். சுவர் நிறத்திலேயே சீலன்ட் வாங்கிப் பெயின்ட் அடிக்காமல் விடுவதுதான் வழி. அப்படி விடும்போது சிலிக்கான்தான் மேல்.

கலவை35:
பெயின்ட் விஷயத்தில் மேற்குவெயில் சொல்வது சரி. கிழக்கில் பியூ, மேற்கில் அவர் சொல்லும் வகை என்று பிரித்தால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை. இரண்டும் தொடும் இடம் இருக்கக் கூடாது. நியூட்ரல் சிலிக்கான் சிலவற்றிலிருந்து வெளிவரும் ஆல்கஹால், பக்கத்தில் இறுகாமல் இருக்கும் பியூவைக் கெடுத்துவிடும். அதே காரணத்தால் விரலில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்ப்பதும் கூடாது. மேலே பிசுபிசுவென்று நிற்கும், எத்தனை நாளானாலும் இறுகாது. சோப்புத் தண்ணீரைக் கரண்டியில் லேசாகத் தொட்டு, அதுவும் ஒட்டும் ஓரத்தில் வழியாமல்.

பிளாட்_செயலாளர்:
வேலை முடிந்ததும் எப்படிச் சரிபார்ப்பது?

கன்_பிடிப்பவன்:
முதல் நாள் 2-3 மி.மீ. இறுகும், அப்புறம் வேகம் குறையும். ஈரம் ஏற்கெனவே இறுகின தோலைத் தாண்டி உள்ள போகணும் இல்லையா. 12 மி.மீ.க்கு ரெண்டு வாரம் விடுங்க. பிறகு குறுக்கே ஒரு வெட்டு, ரெண்டு ஓரத்துலயும் 75 மி.மீ. நீள வெட்டு. நாக்கு மாதிரி வர்றதைப் பிடிச்சு சுவருக்குச் செங்குத்தா வெளிப்பக்கம் இழுங்க. ரப்பரே அறுந்தா நல்ல வேலை. கான்கிரீட்ல இருந்து சுத்தமா உரிஞ்சு வந்தா பிரைமர் பிடிக்கல. வெட்டின இடத்தை அதே சீலன்ட் வெச்சு அடைச்சிடலாம்.

மேற்குவெயில்:
பியூவையும் சிலிக்கானையும் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் ஜாயின்ட்டுக்குள் செய்யாதீர்கள். பழைய கான்கிரீட் துண்டு இரண்டை 25 மி.மீ. இடைவெளியில் வைத்துத் தனித்தனியாக அடித்து, மேற்குப் பக்க மாடியில் போட்டுவிடுங்கள். இப்போதே செய்தால் மார்ச் வரை வெயிலும் மழையும் பட்டிருக்கும்.