கிளப்புக்கு அரசுப் பணம் கேட்டுப் போன அனுபவம் (வடசென்னை ஆட்கள் மட்டும்)

தார்ப்பாய் கேரம்:

மானியத்துக்கு எழுதிப்போட்டு அலைந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். அந்த ஃபைல் கதையெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள். எனக்கு ஒரே ஒரு சாயங்காலம்தான் மண்டையை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

புது வண்ணாரப்பேட்டையில் ஒரு சந்து. இரண்டு வீட்டுச் சுவருக்கு நடுவே தார்ப்பாய், அதன் கீழே மூன்று கேரம் போர்டு. ஒன்றுக்குத்தான் ஸ்டேண்டு, மற்ற இரண்டும் தண்ணி டிரம் மேல். இதுதான் கிளப். 2024 கடைசியில் நம்ம ஏரியாப் பெண் காசிமா அமெரிக்காவில் போய் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி, அரசும் ஒரு கோடி கொடுத்ததும் தெருவில் எல்லாருக்கும் வேகம் வந்துவிட்டது. "இப்ப எழுதுனா குடுப்பாங்கடா" என்றார்கள். டிகிரி படித்தவன் நான் ஒருத்தன்தான், என் தலையில் விழுந்தது. ஆறு போர்டு, லைட்டு, ஒரு தகர ஷெட் கேட்டோம்.

ஆய்வுக்கு ஒருத்தர் வந்தார். பைக்கைச் சந்து முனையில் விட்டுவிட்டு நடந்து வந்தவர், "கிளப் எங்கப்பா?" என்றார். அவர் நின்றதே கிளப்புக்குள்தான். பசங்க ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஃபைலை டிரம் ஓரமாக வைத்து, ஒரு பையனை "தள்ளு" என்று எழுப்பிவிட்டு உட்கார்ந்தார். ரெட்டு அவர் பக்கச் சட்டத்திலேயே ஒட்டிக் கிடந்தது. ஸ்டிரைக்கரை இரண்டு தடவை நகர்த்தி வைத்தார். எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வந்த ஸ்டிரைக்கர், ரெட்டை அப்படியே பாக்கெட்டில் தள்ளியது. ரெட்டு கணக்கில் சேர அதற்குப் பின்னாலேயே போட வேண்டிய ஃபாலோ காயும் அடுத்த தட்டில் உள்ளே. சந்தே கத்தியது. "இன்னா சார், நம்மாளா நீ!" என்று ஒரு தாத்தா அவர் தோளைத் தட்டினார்.

பவுடர் கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தவர், "இடம் யார் பேர்ல இருக்கு?" என்றார். யார் பேரிலும் இல்லை. 'சொந்த இடமோ வாடகை ஒப்பந்தமோ இல்லை, பரிந்துரைக்க இயலாது' என்று என் கண்ணெதிரே எழுதினார். போகும்போது, "ஃபாலோ போடுறப்ப கை நடுங்கிடுச்சுப்பா" என்று சிரித்தார். அவர் மேல் கோபப்படுவதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

வியாசை லெஃப்ட் பேக்:

ப்ரோ, உங்களுக்காவது ஆள் வந்தார். எங்களுக்கு மூட்டை வந்தது.

வியாசர்பாடியில் ஃபுட்பால் கிளப் என்ன கேட்கும்? வலை, பந்து, சின்னப் பசங்களுக்கு ஷூ. எழுத்தில்தான் கேட்டோம். ஒருநாள் விழா வைத்துக் கூப்பிட்டார்கள், பேனர், போட்டோ எல்லாம் முடிந்து மூட்டையைத் தூக்கி வந்து திடலில் பிரித்தோம். ஷட்டில் ராக்கெட் நாலு, வாலிபால் ஒன்று, ஸ்கிப்பிங் கயிறு. அடியில் ஒரு கேரம் போர்டு! ஃபுட்பால் என்று ஒன்றே ஒன்று இருந்தது, சைஸ் 3. எட்டு வயசுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகள் ஆடுகிற பந்து. எங்கள் கோச் அதை ஒரு உள்ளங்கையில் வைத்து, ஆரஞ்சுப் பழம் வாங்கும்போது பார்ப்பது மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டோம்' என்று காலையிலேயே கையெழுத்துப் போட்டவர் அவர்தான்.

இடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குத் திடல் இருக்கிறது. 2024 அக்டோபரில் மாநகராட்சி மன்றத்தில் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டது ஞாபகம் இருக்கா? எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்த இரண்டு நாள் எங்கள் பசங்க முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பெரம்பூர் பென்ஷனர்:

தம்பிகளா, கோபித்துக்கொள்ளக் கூடாது. தப்பு உங்கள் பக்கம்தான். நானும் எண்பதுகளில் வாலிபால் கிளப் நடத்தியவன், பொருளாளர், ஒரு தடவை மானியமும் வாங்கியிருக்கிறேன். அது கிடக்கட்டும்.

யார் பேரிலும் இல்லாத சந்தில் அரசு ஷெட் போட்டால் நாளைக்கு அது யார் சொத்து? அந்த அதிகாரி எழுதியது சரி. நீங்கள் கேட்ட இடம்தான் தப்பு. எம்.எல்.ஏ. தொகுதி நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி, இதில் ஒரு ரூபாயைக்கூட யாரும் உங்கள் கையில் கொடுக்க மாட்டார்கள். அரசு இடத்தில் கட்டித்தான் தருவார்கள். ஆகவே பக்கத்தில் இருக்கிற மாநகராட்சிப் பூங்காவில் ஒரு மூலையைக் காட்டி அங்கே ஷெட் கேளுங்கள். நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது, மூன்றில் ஒரு பங்கு நீங்கள் திரட்டினால் மிச்சத்தை அரசு போடும். ஆனால் முதலில் சங்கத்தைப் பதிவு செய்தீர்களா? 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு செய்தால் மட்டும் போதாது, வருஷா வருஷம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் பதிவாளருக்குப் போக வேண்டும். முக்கால்வாசிக் கிளப் இங்கேதான் படுத்துவிடும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பேரில் இருக்கட்டும், செயலாளரின் மச்சான் பேரில் அல்ல. தீர்மான நோட்டு வேண்டும், மூன்று கொட்டேஷன் வேண்டும், பில்லில் ஜி.எஸ்.டி. எண் வேண்டும், செலவு முடிந்ததும் யு.சி., அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்று, கொடுக்க வேண்டும். 2023-ல் விளையாட்டுக்காக அரசு தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையைச் சிலர் சொல்வார்கள். அதில் தனி வீரர்களுக்கு உதவி கேட்பது வேறு, தெருக் கிளப்புக்கு ஷெட் கேட்பது வேறு, இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள்.

வியாசைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது உங்கள் கோச். அதற்கு அலுவலகம் என்ன செய்யும்?

வியாசை லெஃப்ட் பேக்:

மேடையில் மைக் முன்னால் மூட்டையைப் பிரித்து எண்ணச் சொல்கிறீர்களா தாத்தா? அடுத்த தடவை உங்களையும் கூட்டிப்போகிறோம்.

காசிமேடு கிளவுஸ்:

ஐயா, நீங்கள் சொன்ன அத்தனையும் எங்களிடம் இருக்கிறது. ஏழு பேர், தீர்மான நோட்டு, கணக்கு, எல்லாம். பூங்கா மூலையைக் காட்டித்தான் கேட்டோம். கட்டியும் கொடுத்தார்கள், பொய் சொல்லக் கூடாது. பாக்சிங் ரிங் இல்லை, ஆனால் நல்ல தரை, இரண்டு பஞ்சிங் பேக், ஒரு கண்ணாடி. திறப்பு விழாவில் எங்கள் பெண்கள்தான் டெமோ காட்டினார்கள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் போனால் பூட்டு. சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறது, அவருக்கு ஆர்டர் வர வேண்டும். யாரிடமிருந்து என்று அவருக்கே தெரியவில்லை. பாவம், அவர் டீ வாங்கிக் கொடுத்தார். பெண்கள் கையில் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டு வெளியே குதித்துக்கொண்டிருந்தார்கள். என் தங்கை கிரில் கம்பிக்குள் கையை விட்டு, தோள் வரைக்கும் உள்ளே நுழைத்து, விரல் நுனியால் பேக்கைத் தொட்டாள். பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத பேக். லேசாக ஆடியது. இன்னொரு தடவை தொட்டாள்.

இப்போதும் கடற்கரை மணலில்தான் பயிற்சி. சாவி எந்தச் சட்டத்தில் வரும் ஐயா?

பெரம்பூர் பென்ஷனர்:

அம்மா, அதற்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, 'சாவி யார் பொறுப்பில் உள்ளது, எந்த உத்தரவின்படி' என்று இரண்டே கேள்வி கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். 'ஏன்' என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் பதில் வராது.

வியாசை லெஃப்ட் பேக்:

தாத்தா, உங்கள் வாலிபால் கிளப் இப்போ எங்கே?

பெரம்பூர் பென்ஷனர்:

1987-ல் கலைந்தது. கணக்கு மட்டும் கடைசி வரை சரியாக இருந்தது.

தார்ப்பாய் கேரம்:

வியாசை ப்ரோ, அந்த கேரம் போர்டு இன்னும் இருக்கா? உள்சைஸ் 29 இன்ச்சா, இல்லை வீட்டுச் சைஸா?

வியாசை லெஃப்ட் பேக்:

கோச் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கு. அளந்து சொல்கிறேன்.

29-தான் ப்ரோ. காயின் இருக்கு, ஸ்டிரைக்கர் இல்லை.

தார்ப்பாய் கேரம்:

ஸ்டிரைக்கர் எங்களிடம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன்.