மறதிநோய் உள்ள அம்மாவுக்கு ஏற்ற பராமரிப்பு இல்லம் தேடுகிறோம்

அம்மாவுக்கு 78 வயது, மயிலாடுதுறையில் சொந்த வீடு. 2023-இல் அல்சைமர் என்று தெரிந்தது. சர்க்கரையும் உண்டு, தினமும் இன்சுலின் போட வேண்டும். பகலில் பரவாயில்லை, பொழுது சாய்ந்தால்தான் பதற்றம். இரண்டு புடவையை மடித்துக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வீட்டுக்குப் போகணும்" என்று கேட்டைப் பிடித்து இழுக்கிறார். போன மாதம் ராத்திரியில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போய்விட்டார். தெரிந்த ஆட்டோக்காரர் பார்த்துக் கூட்டி வந்தார்.

சென்னையில் எங்களோடு வைத்துப் பார்த்தோம். மூன்றாவது மாடி, புது இடம், குழப்பம் இன்னும் கூடிவிட்டது. ஊரில் ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம், யாரும் நிலைக்கவில்லை. கோவையில் விசாரித்த முதியோர் குடியிருப்புகளில், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்பவர்களுக்கு மட்டும்தான் இடமாம். இப்போது சித்தி துணைக்கு இருக்கிறார், அவருக்கும் மூட்டுவலி. மாதம் 35,000 ரூபாய் வரை எங்களால் முடியும். ஆனால் அம்மாவை அறையில் பூட்டி வைக்கும் இடத்துக்கு மனம் ஒப்பவில்லை.

திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம், மறதிநோய் உள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டு ராத்திரியிலும் நர்ஸ் வைத்துக் கவனிக்கும் இல்லம், உங்கள் வீட்டுப் பெரியவர்களைச் சேர்த்த அனுபவத்தில் தெரியுமா?