தனி பிராக்டிஸ், முதல் செக் ரிட்டர்ன் கேஸ்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

கும்பகோணம் ஜூனியர்:
3 லட்ச ரூபாய் செக், ஜூன் 2 தேதி போட்டது. பணமில்லாமல் திரும்பியது என்று பேங்க் கொடுத்த ரிட்டர்ன் மெமோ ஜூன் 10. கட்சிக்காரர் மெமோவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தது ஜூலை 14. வியர்வையில் எழுத்தெல்லாம் கலங்கிப்போய், பேங்க் முத்திரையில் தேதி மட்டும் பளிச்சென்று இருந்தது. மெமோ வந்ததிலிருந்து நோட்டீஸுக்கு 30 நாள்தானே, 34 ஆகிவிட்டது. 138 (செக் திரும்பினால் கிரிமினல் கேஸ் போடும் பிரிவு) போச்சு, சிவில் சூட்தான், கோர்ட் பீஸ் 3 சதவீதம், 9,000 ரூபாய் ஆகும் என்று சொன்னதும் மனிதர் பேசாமல் மெமோவைத் திரும்ப மடித்தார். அந்தக் கை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

நெல்லை வக்கீல்:
138 எங்கே போச்சு? செக் தேதியிலிருந்து 3 மாதம் வரை அதே செக்கை மறுபடி பேங்கில் போடலாம். திரும்பினால் புது மெமோ, புதுசாக 30 நாள். முதல் நோட்டீஸ் கொடுத்து கேஸ் போடாமல் விட்டவருக்கே இந்த வழி உண்டு என்று 2012ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஆகஸ்ட் முடியவில்லை அல்லவா, இன்றே அவரைக் கூப்பிடுங்கள்.

சேலம் சிவில் சைடு:
நெல்லை சார் சொன்னது சரி. ஆனால் கேஸ் விழுவது பெரும்பாலும் நோட்டீஸில்தான். செக் தொகையை மட்டும் தனியாகக் கேளுங்கள். வட்டி, செலவு எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகக் கேட்டால் நோட்டீஸே செல்லாது. பதிவு வசதியும் டெலிவரி ஒப்புகையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், டிராக்கிங் பிரின்ட் அன்றைக்கே எடுத்து வையுங்கள். 'கதவு பூட்டு' என்று கவர் திரும்பினால் பிரிக்கக் கூடாது, அப்படியே எக்ஸிபிட், அதாவது கோர்ட்டில் சான்றாவணம். எதிரி, அதாவது செக் கொடுத்தவர், கையில் நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து பணம் கட்ட 15 நாள் அவருக்கு. அது முடிந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் பிராது (புகார் மனு). எதிரி ஊர் கோர்ட்டில் போட்டு, எல்லை இல்லை என்று பிராதைத் திருப்பி வாங்காதீர்கள். 2015 திருத்தத்துக்குப் பிறகு உங்கள் கட்சிக்காரர் அக்கவுண்ட் இருக்கும் கிளை எந்த எல்லையோ, அந்தக் கோர்ட். இன்னொன்று: தபால், டைப்பிங், பிராசஸ் (சம்மன் அனுப்பும்) செலவை பீஸோடு கலக்காதீர்கள். செலவுக்கென்று தனியாக, முன்கூட்டியே வாங்கி, ரசீது கொடுங்கள். புதுசாகப் போர்டு மாட்டியவர் கையிலிருந்து போட்ட செலவுப் பணம் திரும்பி வராது.

மதுரை பெஞ்ச்:
கம்பெனி லீகல் வேலை கிடைக்காமல் என்ரோல் ஆன கையோடு தனியாக உட்காருபவர்களுக்கு இந்தத் தேதிக் கணக்கை யார் சொல்லித் தருவது? ஒரு வருஷமாவது சீனியரிடம் இருக்க வேண்டும்.

சேலம் சிவில் சைடு:
இருக்கலாம் சார், சோறு? ஜூனியருக்கு மாதம் 15,000, பெரிய ஊரில் 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2024ல் மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது. எத்தனை சேம்பரில் கொடுக்கிறார்கள்?

கும்பகோணம் ஜூனியர்:
கூப்பிட்டாச்சு சார். செக் பீரோவில் பத்திரமாக இருக்கிறதாம், நாளைக் காலை போடுகிறார். ஒரே சந்தேகம், முதல் மெமோவில் 'பணம் போதவில்லை'. இந்த முறை 'அக்கவுண்ட் குளோஸ்டு' என்று வந்தால்?

நெல்லை வக்கீல்:
அதற்கும் 138 உண்டு. மெமோ வந்த அன்றைக்கே நோட்டீஸ் டைப் ஆகட்டும்.