ஆக்ஸிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்கல: 93 மாடல் ஆர்எக்ஸ் 100, உதவி வேணும்

கேள்வி:
அண்ணன்மாருக்கு வணக்கம். அப்பா ஓட்டின யமஹா ஆர்எக்ஸ் 100. அவர் தவறினதுக்கப்புறம் ரெண்டு வருஷம் திண்டுக்கல் வீட்டுல, மாட்டுக்கொட்டகை ஓரமா சாக்கு போத்தி நின்னுச்சு. பொங்கலுக்கு வெளிய எடுத்து மெக்கானிக் ஒருத்தர்கிட்ட விட்டேன். பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டரைக் (கார்ப்) கழட்டிச் சுத்தம் பண்ணி, ஆக்ஸிலேட்டர் கேபிள் புதுசு போட்டுக் கொடுத்தார்.

காலையில ரெண்டாவது கிக்குல ஸ்டார்ட் ஆகுது. பத்து நிமிஷம் ஒரு குறையும் இல்ல. சூடு ஏறினதும், சிக்னல்ல ஆக்ஸிலேட்டரை விட்டா ரேஸ் (இன்ஜின் சுத்துற வேகம்) இறங்காம அப்படியே கத்திக்கிட்டு நிக்குது. சிலநேரம் பத்து வினாடியில தானா இறங்கும், சிலநேரம் இறங்கவே மாட்டேங்குது. வண்டி சும்மா நிக்கும்போது ஓடுற வேகத்தை வைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவை முழுசா லூஸ் பண்ணியும் பார்த்துட்டேன்.

போன வாரம் சிறுமலையில இறங்கி வரும்போது ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடி இப்படி ஆயிடுச்சு. பின்னாடி தங்கச்சி. சாவியை ஆஃப் பண்ணி, ரெண்டு பிரேக்கையும் பிடிச்சு ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. நல்ல விலைக்குக் கேக்குறாங்க, ஆனா விக்க மனசு வரல. என்ன பண்ணலாம்?

பதில் 1:
ஏர் ஸ்க்ரூவை முழுசா உள்ள திருகி, அரை சுத்து மட்டும் வெளிய எடுங்க ப்ரோ. என் வண்டிக்கு அதுலதான் அடங்குச்சு.

பதில் 2 (மதுரை, ஸ்பேனர் பிடிச்சு 30 வருஷம்):
தம்பி, இப்போதைக்கு எந்த ஸ்க்ரூவையும் தொடாதீங்க. மேல சொன்னவர் தப்பா சொல்லல. ஏர் ஸ்க்ரூவை உள்ள திருகினா காத்து குறையும், பெட்ரோல் கூடும், ரேஸ் அடங்கின மாதிரி இருக்கும். ஆனா நோய் அப்படியே உள்ள இருக்கும். பொதுவா ஒன்றரை சுத்து வெளிய இருக்கவேண்டிய ஸ்க்ரூ அரை சுத்துல கேக்குதுன்னா, வேற எங்கேயோ காத்து திருட்டுத்தனமா உள்ள போகுதுன்னு அர்த்தம்.

முதல்ல இதைப் பாருங்க. இன்ஜின் ஆஃப்ல ஆக்ஸிலேட்டரை முழுசா முறுக்கிப் பட்டுனு விடுங்க. கார்ப்புக்குள்ள காத்து வழியைத் திறந்து மூடுற ஸ்லைடு வந்து உக்கார்ற சத்தம் "டக்"னு கேக்கணும். ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி திருப்பி வெச்சும் இதே மாதிரி பாருங்க. அடுத்து, வண்டி கத்திக்கிட்டு நிக்கும்போது, பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிற சோக்கைப் போடுங்க. ரேஸ் இறங்குதா, ஏறுதா?

இன்னொரு கேள்வி, இதுதான் எனக்கு முக்கியம்: கேபிள் மாத்தினப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினீங்க, 2டி ஆயில் (பெட்ரோலோட சேர்ந்து எரியற டூ ஸ்ட்ரோக் இன்ஜின் ஆயில்) எவ்வளவு குறைஞ்சிருக்கு?

பதில் 3:
ஸ்லைடைத் திருப்பிப் போட்டிருப்பாங்க. அதோட அடியில வெட்டு இருக்கிற பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்கணும்.

பதில் 2:
அப்படிப் போட்டிருந்தா காலையில முதல் கிக்குலயே அலறும். இவருக்குச் சூடானப்புறம்தான் வருது. அதனால அது இல்ல.

கேட்டவர்:
அண்ணே, "டக்" சத்தம் சுத்தமா கேக்குது. ஹேண்டிலை எந்தப் பக்கம் திருப்பினாலும் வித்தியாசம் இல்ல. சோக் போட்டா ரேஸ் இறங்குது! ஆயில் பத்தி நீங்க கேட்டதும்தான் பார்த்தேன். 300 கிலோமீட்டருக்கு மேல ஓட்டியாச்சு, ஆயில் மட்டம் குறைஞ்ச மாதிரியே தெரியல. ஆயில் கம்மியா குடிக்குதேன்னு சந்தோஷப்பட்டுட்டு இருந்தேன்.

பதில் 2:
தம்பி, அந்த வண்டியை இப்பவே நிறுத்துங்க. இதைச் சரி பண்ற வரைக்கும் கடைக்குக்கூட எடுக்காதீங்க.

உங்க வண்டி கேபிள் ஒத்தை வயர் இல்ல. கைப்பிடியில இருந்து ஒண்ணா வந்து, நடுவுல ரெண்டாப் பிரியும். ஒண்ணு கார்ப் ஸ்லைடுக்கு, இன்னொண்ணு ஆயில் பம்புக்கு. முறுக்க முறுக்க பெட்ரோலோட ஆயிலும் கூடணும், அதுக்குத்தான் இந்த ஏற்பாடு. பம்புக்குப் போற வயரை மாட்டாம விட்டிருந்தா, எவ்வளவு முறுக்கினாலும் ஐட்லிங்குக்கு வேண்டிய சொட்டு ஆயில்தான் உள்ள போகும். டூ ஸ்ட்ரோக்குல பிஸ்டனுக்கும் கிராங்க் பேரிங்குக்கும் அதுதான் உயிர். அது கிடைக்கலன்னா ஒருநாள் ஓடிக்கிட்டு இருக்கும்போதே பிஸ்டன் பிடிச்சு பின் சக்கரம் பூட்டிக்கும்.

ரேஸ் இறங்காதது தனிக் கதை. சோக் போட்டா அடங்குதுன்னா பெட்ரோலைவிட காத்து அதிகமா போகுது. பெரும்பாலும் கார்ப்புக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கிற மேனிஃபோல்ட் ரப்பர்தான். ரப்பருக்கும் வயசாகும்ல. கூட இப்போ பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர், ஓ-ரிங் எல்லாம் அதுக்குன்னு செஞ்சது இல்ல. வண்டியைச் சூடாக்கி, ஸ்டாண்டுல போட்டு, ரப்பரைச் சுத்திச் சோப்புத் தண்ணி தெளிங்க. ரேஸ் மாறினா ஓட்டை அங்கதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே வேண்டாம், பக்கத்துலயே சைலன்சர் பைப் கொதிச்சுக்கிட்டு இருக்கும்.

அதுல ஒண்ணும் தெரியலன்னா மேக்னட் (கரண்ட் தர்ற சக்கரம்) பக்கம் கிராங்க் தண்டைச் சுத்திக் காத்து புகாம அடைக்கிற ஆயில் சீல். அது போனாலும் இதே கூத்துதான். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையாக் கக்கும். அது உங்களுக்கு இல்ல.

கேட்டவர்:
அண்ணே, எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பம்ப் கவரைக் கழட்டினேன். புது வயரோட இன்னொரு முனை எதுலயும் மாட்டாம உள்ள மடங்கிக் கிடந்துச்சு. ஆயில் பம்ப் சக்கரம் மட்டும் தனியா நிக்குது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ரப்பரும் நீங்க சொன்ன மாதிரியேதான். வெளிய இருந்து பார்த்தா ஒண்ணும் தெரியல. சோப்புத் தண்ணி அடிப்பக்கம் பட்டதும் ரேஸ் சட்டுனு இறங்கி ஏறுச்சு. கழட்டிக் கையில வெச்சு மடக்கினா, அடியில ஒரு நகத்து நீளத்துக்கு வெடிப்பு வாயைத் திறக்குது. பிளக் முனை சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

பதில் 2:
வெடிச்ச ரப்பருக்கு எம்-சீல் பூசாதீங்க, புதுசு போடுங்க. பம்ப் வயரை மாட்டினதும் சக்கரத்துல இருக்கிற குறியும் கம்பியும் நேரா வர்ற மாதிரி அட்ஜஸ்டரைத் திருகணும். கைப்பிடியில ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆட்டம் விட்டுட்டு அதைப் பண்ணுங்க. ஆயில் ஹோஸ்ல காத்துக் குமிழி இருந்தா பம்ப்ல இருக்கிற ப்ளீட் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி வெளிய விடுங்க. முதல் டேங்க் தீர்ற வரைக்கும் பெட்ரோல்லயும் லிட்டருக்கு 20 மில்லி 2டி ஆயில் கலந்துக்கோங்க. புகை கொஞ்சம் கூடத்தான் வரும், வரட்டும். ஏர் ஸ்க்ரூ ஒன்றரை சுத்து. ஐட்லிங்கைக் கடைசியா வைங்க.

இனி எப்பவாவது ரேஸ் மாட்டிக்கிட்டா, முதல்ல கிளட்ச்சைப் பிடிச்சு சாவியை ஆஃப் பண்ணி ஓரம் கட்டுங்க. ஆஃப் பண்ணியும் இன்ஜின் ஓடினா, வண்டி நின்னப்புறம் டாப் கியர்ல போட்டு, பிரேக்கை இறுக்கிப் பிடிச்சு, கிளட்ச்சை விடுங்க. அமுங்கிடும்.

கேட்டவர்:
ரப்பர் மாத்தியாச்சு, குறியும் நேரா வெச்சாச்சு. நத்தம் ரோட்டுல 40 கிலோமீட்டர் போயிட்டு வந்தேன். ஒவ்வொரு தடவை கையை விடும்போதும் ரேஸ் உடனே இறங்குது. டேங்க்ல கலந்தது போக, ஆயில் மட்டமும் கண்ணுக்குத் தெரியற அளவு குறைஞ்சிருக்கு.

பதில் 2:
சந்தோஷம் தம்பி. புது கேபிள் கொஞ்சம் இழுத்துக் கொடுக்கும். நூறு கிலோமீட்டர் கழிச்சு அந்தக் குறியைத் திரும்பப் பாருங்க. பிளக்கையும் கழட்டுங்க. வறுத்த மல்லி நிறத்துல இருக்கணும், வெள்ளையா இருந்தா இன்னும் காத்து அதிகமா போகுதுன்னு அர்த்தம்.

கேட்டவர்:
சரிண்ணே. தங்கச்சி ஞாயித்துக்கிழமை சிறுமலைக்கு வர்றேங்கிறா. அதுக்குள்ள அந்த நூறைத் தனியா ஓட்டி முடிச்சுட்டு, பிளக் நிறம் என்னன்னு எழுதுறேன்.