சிக்னாலிஸ்: பையில் ஆறே இடம்தானா?

கேள்வி: 2022இல் வந்த சிக்னாலிஸ் என்ற திகில் வீடியோ கேமை நேற்றுதான் தொடங்கினேன். பையில் ஆறு பொருள்தான் வைக்க முடிகிறது. துப்பாக்கி, தோட்டா, மருந்து வைத்தாலே பாதி போச்சு. ஒரு சாவிக்காகத் திரும்பத் திரும்பப் பெட்டி இருக்கும் அறைக்கு ஓடுகிறேன். இதை ஏன் இவ்வளவு பாராட்டுகிறார்கள்?

பதில் 1: விமர்சகர்கள் பலரும் குறை சொன்னது அதைத்தான். ஆனால் கதையையும் காட்சிகளையும் ஒலியையும் கொண்டாடினார்கள். கேமை உருவாக்கிய ஹாம்பர்க்கின் ரோஸ் எஞ்சின் நிறுவனத்தில் முக்கியமாக இரண்டே பேர்! எனக்கு கேமில் வரும் அந்த ரேடியோ ஒன்றே போதும். அலைவரிசையைத் திருகித் திருகி, இரைச்சலுக்குள் எண்கள் கேட்டபோது கை சில்லிட்டுவிட்டது.

பதில் 2: எதிரிகள் எல்லாவற்றையும் சுடாதீர்கள். விழுந்தவை மறுபடி எழும். தெர்மைட் என்ற எரிகலவையால் எரித்தால்தான் அடங்கும். முடிந்தவரை ஓடித் தப்புங்கள், தோட்டாவும் மிச்சமாகும்.

கேட்டவர்: ஓ, அதுதான் எழுந்து வந்ததா! சரி, இன்றிரவு ஹெட்ஃபோன் போட்டு மறுபடி இறங்குகிறேன்.