திரையில்லாத சர்வருக்கு நெட்வொர்க் மேனேஜர் எதற்கு?

ஒற்றைமுனையம்:
டெபியன் 12 என்ற லினக்ஸ் ஓடும் சர்வர். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. இரண்டு ஈத்தர்நெட் போர்ட்டுகளில் ஒன்றில் மட்டும் கேபிள். மின்சாரம் போய் வந்தாலும் நான் கை வைக்காமலேயே நிலையான ஐபி முகவரியோடு எழ வேண்டும். இதை அமைக்கப் பழைய இன்டர்ஃபேசஸ் கோப்பா, சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டியின் பகுதியான நெட்வொர்க்டியா, நெட்வொர்க் மேனேஜரா? காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய_பெங்குவின்:
இன்டர்ஃபேசஸ் கோப்புதான், வேறென்ன? 'ஆட்டோ' என்று ஒரு வரி, 'ஸ்டேட்டிக்' என்று ஒரு வரி, கீழே முகவரியும் கேட்வேயும் (வெளி நெட்வொர்க்குக்கான வாசல்). கணினி எழும்போது இஃப்அப் என்ற கட்டளை அதைப் படித்து வேலையை முடித்துவிட்டுப் போய்விடும். நெட்வொர்க் மேனேஜர் 2004இல் ரெட் ஹேட்டில் தொடங்கியது, இடம் மாறி இடம் மாறி வைஃபை பிடிக்கும் மடிக்கணினிகளை மனத்தில் வைத்து. அசையாத கேபிளுக்கு நாள் முழுக்க விழித்திருக்கும் ஒரு நிரல் வேண்டுமா?

நிரல்_நாடோடி:
ஐயா, நீங்கள் 2004ஐ விட்டு வரவில்லை. அதே ரெட் ஹேட் தன் என்டர்பிரைஸ் லினக்ஸ் 9ஆம் பதிப்பில் பழைய நெட்வொர்க் ஸ்கிரிப்டுகளையே தூக்கிவிட்டது. அங்கே சர்வருக்கும் நெட்வொர்க் மேனேஜர்தான். ஒருமுறை ஓடிவிட்டு ஒதுங்கும் ஸ்கிரிப்டுக்கு அப்புறம் நடப்பது எதுவும் தெரியாது. மின்சாரம் திரும்பும்போது சர்வர் முந்திக்கொள்ளும், கேபிளின் மறுமுனையில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச் பின்னால் வரும். அந்த இடைவெளியில் இஃப்அப் ஓடி முடிந்துவிட்டால்?

பழைய_பெங்குவின்:
ஒன்றும் ஆகாது. டிஹெச்சிபி, அதாவது முகவரியை நெட்வொர்க்கிடமே கேட்டு வாங்கும் முறை என்றால் நீங்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. இவர் கேட்டது நிலையான முகவரி. கேபிளின் மறுமுனையில் உயிர் இருக்கிறதா என்று பார்க்காமலேயே இஃப்அப் முகவரியை ஏற்றிவிடும். சுவிட்ச் எழுந்ததும் போக்குவரத்து தானாக ஓடும். நெட்வொர்க்டி, நெட்வொர்க் மேனேஜர் என்ற உங்கள் இரண்டு நவீனர்களும் மறுமுனையில் சிக்னல் வரும்வரை முகவரியையே போட மாட்டார்கள். அந்த முகவரியில் மட்டும் காது கொடுக்கும்படி அமைத்த சேவை எது இருந்தாலும், அதற்குள் "அப்படி ஒரு முகவரியே இல்லை" என்று விழுந்துவிடும்.

நிரல்_நாடோடி:
இணைப்பு இல்லாமல் முகவரி மட்டும் இருப்பது பொய்தானே? அதை நம்பி என்எஃப்எஸ் மவுண்ட் (வேறு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாக இணைப்பது) தொடங்கித் தொங்கும். அதைவிடக் காத்திருப்பது மேல். விழும் சேவைக்கு வழி இருக்கிறது: லினக்ஸின் மையமான கெர்னலில் ஐபி நான்லோக்கல் பைண்ட் என்ற அமைப்பை 1 ஆக்கினால் இன்னும் வராத முகவரியிலும் சேவை உட்காரும்.

கம்பிவலைக்காரி:
நடுவில் வருகிறேன், இருவரும் கோபிக்க வேண்டாம். நெட்வொர்க்டியில் 'கன்ஃபிகர் வித்தவுட் கேரியர்' (சிக்னல் இல்லாமலேயே அமை) என்று ஒரு வரி இருக்கிறது. அதை 'யெஸ்' ஆக்கினால் பெங்குவின் ஐயா கேட்பது அப்படியே கிடைக்கும். இந்தச் சண்டைக்கு மருந்து ஒரு வரி.

கேள்வி கேட்டவர் கவனிக்க வேண்டியது அந்தக் காலி போர்ட். நெட்வொர்க்டியின் காத்திருப்புச் சேவை, தான் நிர்வகிக்கும் எல்லா இணைப்புகளும் தயாராகும்வரை நிற்கும்; இயல்பான கெடு 120 வினாடி. காலி போர்ட்டையும் அதன் பொறுப்பில் விட்டால் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்த இரண்டு நிமிடம் வீண். பலர் இதைப் பார்த்துவிட்டுத்தான் 'சிஸ்டம்டி மெதுவானது' என்று திட்டுகிறார்கள். அந்த போர்ட்டுக்கு 'ரிக்கொயர்ட் ஃபார் ஆன்லைன்' என்பதை 'நோ' ஆக்குங்கள்.

இன்னொன்று. உங்கள் சேவைகள் சிஸ்டம்டியின் 'நெட்வொர்க் டார்கெட்' என்ற மைல்கல்லுக்குப் பின் தொடங்கும்படி இருந்தால், முகவரி வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. நிர்வாக நிரல் கிளம்பிவிட்டது, அவ்வளவுதான். முகவரி தேவைப்படும் சேவைக்கு 'நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்'டை ஆஃப்டரிலும் (இதற்குப் பின்) வான்ட்ஸிலும் (இது வேண்டும்) எழுத வேண்டும். ஆஃப்டரில் மட்டும் எழுதினால் அதை யாரும் இழுத்துக்கொண்டு வர மாட்டார்கள்.

பழைய_பெங்குவின்:
ஒரு ஐபி முகவரிக்கு இத்தனை சொற்களா! எங்கள் காலத்தில் நெட்வொர்க் கார்டின் பெயர் ஈத்0 என்றால் ஈத்0.

நிரல்_நாடோடி:
இரண்டு கார்டு இருந்தால் எது ஈத்0, எது ஈத்1 என்பது எந்த டிரைவர் முதலில் விழிக்கிறது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் 2013இல் சிஸ்டம்டி 197 ஈஎன்பி3எஸ்0 மாதிரிப் பெயர்களைக் கொண்டுவந்தது.

பழைய_பெங்குவின்:
புதிதாக ஒரு கார்டு செருகினால் கார்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் பிசிஐ எண் நகர்ந்து அதே போர்ட் ஈஎன்பி4எஸ்0 ஆகிறதே? திரையில்லாத சர்வரில் பெயர் மாறினால் எப்படி உள்ளே போவீர்கள்?

கம்பிவலைக்காரி:
பெயரையே நம்பாதீர்கள். நெட்வொர்க்டி கோப்பின் மேட்ச் பகுதியில், கார்டுக்கே உரிய எண்ணான மேக் முகவரியை எழுதுங்கள். விலேன் (ஒரே கார்டின் மேல் பிரித்த தனி நெட்வொர்க்) இருந்தால் அதுவும் தாய் கார்டின் மேக்கையே எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டும் பொருந்திவிடும்; அதைத் தவிர்க்க 'பெர்மனன்ட் மேக் அட்ரஸ்' என்பதைப் பயன்படுத்துங்கள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு கார்டுக்கு ஒரே நிர்வாகி. ஒரு உறையில் இரண்டு கத்தி வேண்டாம். டெபியனில் இன்டர்ஃபேசஸ் கோப்பில் பெயர் இருந்தால் நெட்வொர்க் மேனேஜர் அந்தக் கார்டைத் தொடாமல் ஒதுங்கிவிடும். நெட்வொர்க்டிக்கு அந்த மரியாதை தெரியாது. பழைய கோப்பில் உள்ள வரிகளை நீங்கள்தான் எடுக்க வேண்டும்.

ஒற்றைமுனையம்:
சரி, நெட்வொர்க்டிக்கே போகிறேன். கோப்பில் முகவரி, கேட்வே, டிஎன்எஸ் (பெயரை முகவரியாக்கும் சர்வர்) எழுதிவிட்டேன், மேட்சில் மேக். காலி போர்ட்டுக்குத் தனிக் கோப்பு. நெட்வொர்க் மேனேஜர் இந்த மெஷினில் இல்லை.

பழைய_பெங்குவின்:
டிஎன்எஸ் வரியை யார் படிப்பார்கள்? எந்த டிஎன்எஸ் சர்வரைக் கேட்பது என்று சொல்லும் ரிசால்வ் கோப்பை நெட்வொர்க்டி எழுதாது. அந்த வரி பெயர் தேடும் சேவையான சிஸ்டம்டி ரிசால்வ்டிக்குத்தான், டெபியன் 12இல் அது தனித் தொகுப்பு. முகவரி இருக்கும், பெயர் எதுவும் ஐபி முகவரியாக மாறாது. மருந்து ஒரு வரி என்று சொன்னீர்களே!

நிரல்_நாடோடி:
உங்கள் இன்டர்ஃபேசஸ் கோப்பில் 'டிஎன்எஸ் நேம்சர்வர்ஸ்' வரியும் ரிசால்வ்கான்ஃப் தொகுப்பு இல்லாவிட்டால் சும்மாதான் கிடக்கும். அதையும் சொல்லிவிடுங்கள் ஐயா.

பழைய_பெங்குவின்:
நான் ரிசால்வ் கோப்பைக் கையால் எழுதுகிறேன். யாரும் அதைத் தொடுவதில்லை.