பசிபிக்கைத் தப்பாகக் காட்டும் மாதிரியை நம்பி மாமரத்தை வெட்டலாமா?

ஊத்தங்கரை மாந்தோப்பு:
எங்கள் பக்கம் பெங்களூரா மாமரங்களை எடுத்துவிட்டு வேறு பயிருக்கு மாறலாமா என்று பேச்சு. 2050-ல் மாவட்டத்தில் இவ்வளவு மழை என்று காலநிலை மாதிரிக் கணக்கு ஒன்றைக் காட்டுகிறார்கள், வருங்கால வானிலைப் போக்கைக் கணினியில் கணக்கிடுவது. இதே மாதிரிகள்தான், நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்குப் பசிபிக் அதிகமாகச் சூடாகும் என்றன. 1980-க்குப் பிறகு நடந்ததோ தலைகீழ். இந்தோனேசியா பக்கம் சூடு ஏறியது. தென் அமெரிக்கா பக்கம் பெரிதாக ஏறவில்லை, சில இடங்களில் குளிர்ந்தே இருக்கிறது. கடலே தப்பென்றால் மழை எப்படிச் சரியாகும்?

பாலக்கோடு வாத்தியார்:
அண்ணே, உலகச் சராசரி வெப்பம் ஏறுவதை 1970-களிலிருந்தே மாதிரிகள் ஏறக்குறையச் சரியாகச் சொல்லி வருகின்றன. இடறுவது பசிபிக்கின் கிழக்கு மேற்கு வித்தியாசத்தில்தான். கிழக்குப் பசிபிக் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ, குளிரும் லா நினா இரண்டும் மாறி மாறி வரும் கடல் அது. நாற்பது வருடப் போக்கில் இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கும் பங்கு உண்டு.

ஊத்தங்கரை மாந்தோப்பு:
அப்படியென்றால் இத்தனை கணினி ஓட்டங்களில் நிஜத்தைப் போல அடிக்கடி வரணுமே தம்பி? அரிதாகத்தான் வருகிறது. ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும் பட்டையை மாதிரிகள் மேற்கே ரொம்பத் தூரம் நீட்டிவிடுகின்றன. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே, நிஜத்தில் அவ்வளவு மழை இல்லாத இடத்தில், இரண்டாவது மழைப்பட்டை ஒன்றையும் போடுகின்றன. பல தலைமுறை மாதிரிகளாகத் தொடரும் குறை இது. இயற்கையின் தலையில் கட்ட முடியாது.

அரூர் மழைக்குறிப்பு:
இன்னொன்றும் பாருங்கள். மாதிரிகள் உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. பல உலக மாதிரிகளில் ஒரு கட்டத்தின் பக்கம் சுமார் 100 கிலோமீட்டர். மேட்டு நிலமான ஓசூரும் வெயில் காயும் ஊத்தங்கரையும் ஒரே கட்டத்தில் விழலாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதே, பஸ் நிலையத்தில் நின்ற வண்டிகள் அடித்துப் போயினவே, அதெல்லாம் இவ்வளவு பெரிய கட்டத்தில் கரைந்துபோகும். வடகிழக்குப் பருவமழைக்கு எல் நினோ சாதகம் என்பார்கள். ஆனால் 2021 லா நினா வருடம், இங்கே மழை இயல்பைவிட மிக அதிகம். பசிபிக்கைச் சரியாகப் பிடித்தாலே நம்ம மழை கைக்கு வந்துவிடாது.

பாலக்கோடு வாத்தியார்:
அதனால்தான் ஒற்றை மாதிரியைப் பார்க்கக் கூடாது. மழை கூடும் என்பவை எத்தனை, குறையும் என்பவை எத்தனை என்று பார்க்கணும். உங்களுக்குக் காட்டிய தாளில் அது இருக்கிறதா அண்ணே?

ஊத்தங்கரை மாந்தோப்பு:
இல்லை. ஒரே எண்தான்.

பாலக்கோடு வாத்தியார்:
அப்போ எல்லா மாதிரிகளும் சொல்வதில் மிகக் குறைந்த மழை எவ்வளவு, மிக அதிக மழை எவ்வளவு என்று முழு வீச்சையும் கேட்டு வாங்குங்கள். அதுவரை மரத்தில் கோடாரி வைக்காதீர்கள். ஆனால் வெயில் ஏறும் என்பதில் எல்லா மாதிரிகளும் ஒன்றாகத்தான் நிற்கின்றன. சொட்டுநீர் போடுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.